பேஸ் அக்காவும் என் இடது கையும்

அந்த பேஸ் கிட்டாரின் நிறம் பச்சை. கடையில் கிடைக்கிற பச்சை இல்லை, லாரியின் பின்கதவுக்கு அடிக்கிற பச்சை. சேலத்தில் ஒரு தேவாலயக் குழுவில் அதை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் கை நடுக்கம் வந்து விற்றபோது, பெயிண்டெல்லாம் உரிந்து வெறும் மரமாகத்தான் இருந்ததாம். வாங்கியவர் நேராகத் திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், மிச்சமிருந்த பெயிண்டை அடிக்கச் சொல்லி எடுத்து வந்தார். பெயிண்டர் சும்மா விடாமல் ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்து ஒரு தாமரைப் பூவும் போட்டிருந்தார். மேடையில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கிட்டாரை வாங்கியவர் நின்றுகொண்டிருப்பார். அவரை நாங்கள் பேஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் பேஸ், நான் கீபோர்டு. நாமக்கல் சுற்றுவட்டத்துக் கல்யாண மண்டபங்களிலும் நோம்பி, திருவிழா மேடைகளிலும் ஒன்பது வருஷம் அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறேன்.

எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிற ஒரு பெண் பேஸ் கிட்டாருக்கு எப்படி வந்தார் என்று கேட்காத ஆள் கிடையாது. அவருடைய அண்ணன் போர்வெல் ரிக் வண்டியில் தேசமெல்லாம் சுற்றியவர். ஏதோ ஒரு துறைமுக ஊரின் நடைபாதைக் கடையிலிருந்து ஒரு பை நிறையப் பழைய இங்கிலீஷ் ராக் கேசட்டுகளை வாங்கி வந்தார். அவருக்கே அது பிடிக்கவில்லை. தங்கைக்குப் பிடித்துவிட்டது. சின்ன வயதிலேயே தறிக்கூடத்துக்குப் போனதால் அக்காவுக்கு மேல் சத்தங்கள் சரியாகக் கேட்காது. பக்கத்தில் செல்போன் அடித்தால் தெரியாது, தெருமுனையில் லாரி திரும்பினால் தெரியும். அதிர்வு தெரிகிற மாதிரி டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கேசட்டுகளைக் கேட்டிருக்கிறார். அடியில் ஓடிய நான்கு தந்திதான் அவருக்குப் பாட்டு. "அதுல ஒருத்தர் பாடறாருங்கறதே எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும் சாமி" என்பார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அந்தக் கேசட்டுகளில் கேட்ட சத்தத்தைத் தன் கையில் கொண்டுவர அவர் செய்தது எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொரசொரவென்ற புதுத் தந்தியை அவர் தொட மாட்டார். மேலே பட்டையாகச் சுற்றிய, தடவினால் வழுவழுவென்றிருக்கிற தந்திதான் வேண்டும், அதையும் மாற்றவே மாட்டார். தந்திகள் முடிகிற இடத்தில், அவற்றுக்கு அடியில், ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி வைத்திருந்தார். அது லாரி டிரைவர் சீட்டிலிருந்து வெட்டியது. அதனால் சுரம் நீண்டு இழுக்காது. திடமாக விழும், விழுந்த இடத்திலேயே நிற்கும். தந்தியை மீட்ட பிளாஸ்டிக் வில்லை கிடையாது, இரண்டு விரல்தான். கிட்டாரில் சத்தத்தைக் கூர்மையாக்குகிற திருகு ஒன்று உண்டு. அதை முழுக்க மூடி, யாரும் திறக்காதபடி மேலே டேப் ஒட்டியிருந்தார். சவுண்டு சர்வீஸ்காரர்களோடு மேடைக்கு மேடை சண்டை. பெரிய பெட்டிகளில் அடிச்சத்தத்தை ஏற்றி மண்டபமே அதிரும்படி அவர்கள் விடும்போது, "இது பேஸ் இல்லைங்க, வயித்து வலி" என்று ஒயரைப் பிடுங்கிவிடுவார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அந்தப் பழைய ராக் பாட்டுகளில் ஒன்றின் அடிவரியைத் தனியாக மூன்று நிமிஷம் வாசிப்பார். விழாக் கமிட்டிக்காரர் ஓடி வந்து "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டால், "இதும் பாட்டுதானுங்க" என்பார்.

குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் கைதட்டுவதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் எடைபோடுகிறவர். பேஸுக்கு யாரும் கைதட்டுவதில்லை. புதிதாக அவர் வாங்கி வந்த கீபோர்டில் பேஸ் கிட்டார் சத்தம் பத்துப் பன்னிரண்டு விதமாக இருந்தது. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இடது கையில பேஸ் போட்டுப் பழகுங்க. ஒரு நிகழ்ச்சி பண்ணிப் பாப்போம். அக்காகிட்ட இப்ப எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார். நான் பழகினேன். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. புதுக் கருவி கையில் வந்த ஆசையில், ராத்திரி பகல் பார்க்காமல், அக்காவின் வரிகளையே ஒன்று விடாமல் இடது கைக்கு ஏற்றினேன். அவர் எங்கே தாமதிப்பார், எங்கே ஒரு சுரத்தை விழுங்குவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேறு யாரால் அவ்வளவு சுத்தமாகத் திருட முடியும்?

மோகனூரில் ஒரு கல்யாண மண்டபம், சாயங்கால வரவேற்பு. அக்காவிடம் அன்றைக்கு நிகழ்ச்சி இல்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். மண்டப மேனேஜர் மூலமாக வந்த ஏற்பாடு என்பதால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் யார் என்று அவர் விசாரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தறி முதலாளி வீட்டில் கல்யாணம் என்றால், தறி ஓட்டுகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய் அழைப்பார்கள், அன்றைக்குத் தறிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். மாப்பிள்ளையின் அப்பா அக்காவின் முதலாளி. அக்கா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, கூட வேலை செய்கிற பெண்களோடு வேன் ஏறி வந்து, கீழே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். மேலே மாடியில் நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறோம். மேலே என்ன பாட்டு ஓடுகிறது என்பது அவர் காதுக்கு எட்டியிருக்காது. அடியில் ஓடுவது தன் கை இல்லை, ஆனால் தன் வரி என்பது மட்டும் தரை வழியாக எட்டியிருக்கிறது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் மேடை ஏறியதைப் பார்த்தேன். கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, என் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைகள் மேலிருந்து தூக்கினார்.

"கைய எடு சாமி."

எடுத்தேன். பாட்டு நிற்கவில்லை. வலது கை தானாக ஓடிக்கொண்டிருந்தது, பாடகர் பாடிக்கொண்டிருந்தார், அடியில் மட்டும் ஒன்றும் இல்லை. பாட்டு முடிகிறவரை என் மணிக்கட்டை அவர் விடவில்லை. எதிரே நானூறு ஐந்நூறு பேர் இருப்பார்கள். ஒருவர் முகத்திலும் எந்த மாற்றமும் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள்.

மாஸ்டருக்கு அதுவே போதுமான சாட்சியாகிவிட்டது. மேடைக்குப் பின்னால் அவரே பேச்சை எடுத்தார். "பாத்தீங்கல்லம்மா. இவரு கையில போட்டப்பவும் யாருக்கும் தெரியல, இல்லாதப்பவும் தெரியல. ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலீங்க" என்றார் அக்கா. "அதனால என்னுங்க? தறில ஒரு இழை அந்து போனா வேட்டி வாங்கறவங்களுக்குத் தெரியாது. அதுக்காவ அந்த எடத்துல பேனாவுல கோடு போட்டு உடுவீங்களா? இழையைக் கட்டோணும். இல்லாட்டி ஓட்டையாவே உட்டுப்போடோணும். நான் வேண்டாம்னா என்ற மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லுங்க. என்ற கையாட்டமே ஒண்ணு பண்ணி அங்க வெக்காதீங்க."

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீ சொல்லீருக்கலாமல்ல சாமி." அந்தப் பட்டுச்சேலையோடு அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஒத்திகையில் மாஸ்டர் அதே பாட்டை எடுத்தார். வலது கையால் மட்டும் வாசித்தேன். "இடது கை எங்கே?" என்றார். வராது என்றேன். "நேத்து வந்துச்சே?" இனிமேல் வராது என்றேன். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது, பிறகு கோபம் வந்தது. "கைய வீட்டுல கழட்டி வெச்சுட்டு வர்றவருக்கு இங்க வேலை இல்ல" என்றார். சரி என்று கீபோர்டு உறையை மூடினேன். ஊரில் எல்லோரும் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்துக்காக வேலையை விடுவானா ஒருவன்? என் மனைவி கேட்டாள், என் அப்பா கேட்டார். அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? விளக்கம் சொல்ல முடியாததாலேயே ஒன்று தப்பாகிவிடாது.

மூன்று மாதம் அக்கா என்னிடம் பேசவில்லை. நானே எடப்பாடிக்குப் போனேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தியிருந்த நாள். தறிகள் ஓடாமல் ஊரே புதிதாக இருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சுட்டேன்னெல்லாம் சொல்லமாட்டேன்" என்றார். "நீ பண்ணுனது பண்ணுனதுதான். என்ற கூட வாசிக்கறதுன்னா வாசி. ஆனா மேல மட்டும் வாசி."

அப்படித்தான் எங்கள் சின்னக் குழு ஆரம்பித்தது. அக்கா, நான், ஒரு டிரம்மர், ஒரு பாடகி. பெரிய மண்டபங்கள் எங்களைக் கூப்பிடுவதில்லை. மேடையில் என் இடது கை பேன்ட் பாக்கெட்டில்தான் இருக்கும். இந்தத் தொழிலில் எனக்கு "அரைக்கை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடவே சொல்கிறார்கள். அரைக்கையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அந்த இடத்தில் என் கை இல்லை என்பதுதான் நான் வாசித்ததிலேயே சரியான வாசிப்பு.

போன மாதம் மேச்சேரியில் ஒரு வரவேற்பு. பெண்ணின் மாமா விவரம் தெரிந்தவர், நகரத்தில் நிறையக் கச்சேரி பார்த்தவராம். அக்கா ஒயர் மாட்டிக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்து, "ஏனுங்க, இப்ப கீபோர்டுலயே பேஸ் நல்லா வருதே, அதுக்குன்னு தனியா ஓராளு எதுக்குங்க? உங்களுக்கு இடது கையில வாசிக்க வராதுங்களா?" என்றார்.

"வராதுங்க" என்றேன்.

அவர் என்னை இரக்கமாகப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா முதல் சுரத்தைப் போட்டார்.