இவாஞ்சலின் என்று கூப்பிட்டார்கள்

எஸ்தர்ராணியின் வாய்க்குப் பூட்டு கிடையாது. கோவில்பட்டியில் என் ஜெராக்ஸ் கடைக்கு அவள் வந்துவிட்டால், வரிசையில் நிற்பவர்கள் வந்த வேலையை மறந்து அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீர், காது கிழியக் கத்தும் ஒலிபெருக்கி, கையைக் காட்டினாலும் நிற்காமல் போகும் கழுகுமலை பஸ் என்று ஒன்றையும் விடமாட்டாள்.

“ஓட்டுக்கு வாரப்ப தாயிங்கான், தங்கச்சிங்கான். ஜெயிச்ச பெறவு கார் கண்ணாடியத் தெறக்க மாட்டேங்கான். சங்கத்துக்காரவிய மட்டும் என்னவாம்? மே தினத்துக்குக் கொடியேத்தி முட்டாயி குடுத்துட்டுப் போயிருதாவ. அன்னைக்கும் எங்களுக்கு அரை நாள் வேலை உண்டும் பாய். அது அவியளுக்குத் தெரியுமா?”

எனக்கும் அதே கோபம்தான். ஹிதாயத்துல்லா என்ற என் பெயரை ஒருமுறைகூடச் சரியாக எழுதாத அலுவலகங்களுக்கு இருபத்தைந்து வருஷமாக ஊராருக்காக மனு எழுதிக்கொடுக்கிறவன் நான். சர்வர் இல்லை, ஓடிபி வரவில்லை, நாளைக்கு வா என்று கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துபோனவன். ஆனால் நான் மனசுக்குள்தான் திட்டுவேன். அவள் தெருவில் நின்று திட்டுவாள்.

அப்படிப்பட்டவள் தன் சொந்தப் பெயரில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை என்பது, அவள் கை வெந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுடைய அக்காள் இவாஞ்சலின் ஒரு தீப்பெட்டி ஆபீசில் நாலு வருஷமாகத் தீக்குச்சியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கல்யாணமாகி அவள் விளாத்திகுளம் பக்கம் போய்விட்டாள். அவள் இடத்துக்குத் தங்கச்சி வந்தாள். வயது பதினைந்து. சின்னப் பெண்ணைச் சேர்த்தால் வம்பு என்று, பதிவேட்டில் அக்காள் பெயரை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது ‘இவாஞ்சலின்’ என்றால் இவள் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் சும்மா நின்றிருக்கிறாள். அரை நாள் கூலி போயிற்று. அப்புறம் பழகிவிட்டது. இருபது வருஷம் பழகியது. காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டையிலும் அக்காள் பெயர்தான். அக்காள், தங்கச்சி இருவருக்கும் ஒரே ஜாடை என்பதால் மங்கிப்போன பழைய போட்டோவை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இந்தத் தை மாதம் அடைப்புக் கூடத்தில் குச்சி உரசித் தட்டு தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்தவள் மேல் விழாமல் எஸ்தர்ராணி தட்டைத் தள்ளிவிட்டாள். வலது கை வெந்துபோயிற்று. புண் ஆறியதும் தோல் சுருங்கி விரல்கள் உள்பக்கம் மடங்கிக்கொண்டன. மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் விரல் நிமிரும், தள்ளிப்போட்டால் இப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். தனியாரில் செய்ய வழியில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முறை வர ஐந்து மாதம். மிச்சம் இருந்தது ஈஎஸ்ஐ. அங்கே இப்போது ஆதாரைக் கேட்கிறார்கள், முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். அவள் முகத்தைக் காட்டினாள். இது இவாஞ்சலின் இல்லை என்றது கருவி.

ஆபீசில் போய்க் கேட்டாள். மேனேஜர் முத்துசெல்வம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “எஸ்தர்ராணின்னு இங்கன யாருமே வேலை பாக்கலியே. வீட்டு அடுப்புல சுட்டுக்கிட்டு இங்கன வந்து நிக்கியா?” என்று கேட்டிருக்கிறான். இருபது வருஷம் தினமும் அவளைப் பார்த்தவன் அவன். சோறு தின்கிறவன் கேட்கிற கேள்வியா இது!

தொழிலாளர் துறைக்கு நான் மனு எழுதினேன். விசாரணைக்குத் தேதி வந்தது. ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன கெடு முடியப் பதினேழு நாள்தான் பாக்கி. சாட்சி சொல்வதாக இருந்த மூன்று பெண்களும் வரவில்லை. அவர்களை ஏச எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவர்களை வேலைக்குள் விட வேண்டுமே. இனி எல்லாம் எஸ்தர்ராணியின் வாய்ச்சொல்லில்தான் இருந்தது.

“அங்கன போய் அரசியல் பேசாத தாயி. உன் பேரு, எத்தனை வருச வேலை, கை எப்படி வெந்துச்சு. இந்த மூணுதான்” என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து படித்துப் படித்துச் சொன்னேன். இவாஞ்சலினும் வந்திருந்தாள். நான் இங்கே வேலை பார்க்கவில்லை, என் தங்கச்சிதான் பார்த்தாள் என்று அவள் சொல்ல வேண்டும். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்; எதிரே முத்துசெல்வம்.

அதிகாரி காகிதக் கட்டைப் பிரித்தார். தலையைத் தூக்காமலே, “இவாஞ்சலின்” என்றார்.

“இருக்கேன் சார்!”

எழுந்து நின்றது எஸ்தர்ராணி.

அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீங்கதான் இவாஞ்சலினா?” என்றார் அதிகாரி.

“இல்ல சார்... நான் எஸ்தர்ராணி. அவதான்...”

முத்துசெல்வம் முந்திக்கொண்டான். “பாத்தீயளா சார். உங்க முன்னாடியே அடுத்தவ பேருக்கு எந்திரிச்சு நிக்கா. ஆள்மாறாட்டம் சார் இது. எங்க இவாஞ்சலின் அந்தா உக்காந்திருக்கு. கையைப் பாருங்க, ஒரு கீறல் இருக்கா?”

ஆள்மாறாட்டம் என்றதும் இவாஞ்சலின் பயந்து தலையைக் குனிந்துகொண்டாள். நான் கத்தினேன். “சார், இருபது வருசம் அந்தப் பேருக்குப் பதில் சொன்னவளுக்குத்தான் அப்படி வாயில வரும். இதைவிட என்ன சாட்சி வேணும்?”

அதிகாரி நல்ல மனுஷன்தான். அவள் கையைப் பார்த்தார். “எனக்குப் புரியுது பாய். ஆனா நான் பேப்பர்ல என்ன எழுதுவேன்? அங்க வேலை பாத்ததுக்கு அவங்க பேர்ல ஒரு பேப்பர் காட்டுங்க” என்றார்.

ஒன்றுகூட இல்லை.

வெளியே வராந்தாவில் முத்துசெல்வம் இவாஞ்சலினிடம் ஒரு காகிதத்தை நீட்டினான். இவாஞ்சலின் ஆகிய நான் இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன், எனக்குக் காயம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போடாவிட்டால் அக்காள், தங்கச்சி இரண்டு பேர்மேலும் போலீசில் கேஸ் என்றான்.

“ஏட்டி, என்ன செய்யட்டும்?” என்று இவாஞ்சலின் அழுதாள்.

மந்திரியையும் தலைவர்களையும் கிழிகிழியென்று கிழிக்கிற எஸ்தர்ராணி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. “போட்டுரு அக்கா. உனக்குப் பொம்பளப் பிள்ளைய இருக்கு” என்றாள்.

அந்தப் பதினேழு நாளில் நான் ஏழு மனு போட்டேன். ஐந்துக்குப் பதில் இல்லை. இரண்டுக்கு, தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. பதினெட்டாம் நாளும் வந்தது.

போன வாரம் கடைக்கு வந்தாள். யாரையும் திட்டவில்லை. ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தானே தூக்கினாள். திறக்க முடியாத வலது கையைக் கண்ணாடிமேல் வைத்தாள்.

“பேப்பர்தான கேக்காவ. இத ஒரு காப்பி எடுங்க பாய்.”

எடுத்தேன். ஐந்து விரலும் ஒன்றாக ஒட்டிய ஒரு கறுப்பு உருண்டை வெள்ளைத் தாளில் வந்தது.

“கீழ என் பேர எழுதுங்க. முழுசா எழுதுங்க.”

எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இத ஒத்துக்கிடுவாவளா பாய்?” என்று கேட்டாள்.