மூன்று தம்ளர் தூரம்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் ஏணியக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. விமானம் வந்து நின்றதும், சக்கரம் வைத்த ஏணியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவோடு ஒட்டவைப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக, இறங்குகிறவர்கள் முதலில் பார்க்கிற முகம் அவளுடையது. அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

மலைக்கு அந்தப் பக்கத்து விமான நிலையம் சாலையில் போனால் ஏழு மணி நேரம். வானத்தில் எவ்வளவு என்று கேட்டால் "மூணு தம்ளர்" என்பாள். அங்கே விமானம் மேலே எழும்பியதும் இங்கே ஃபோன் வரும். உடனே டீக்குத் தண்ணீர் வைப்பாள். ஊதி ஊதி மூன்று தம்ளர் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தால் மலைக்கு மேலே விமானம் மினுக்கென்று தெரியும். எதிர்காற்று அடித்தால் நாலு தம்ளர். ஒரு நாளும் தப்பியதில்லை.

புது மேனேஜர் வந்தார். அட்டவணையை எடுத்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து நிமிஷம் என்று போட்டிருந்தது.

"ஃபோன் வந்து அம்பது நிமிஷம் ஆகாம யாரும் ஏணியைத் தொடக் கூடாது."

"நாப்பதுலயே வந்துரும் சார்."

"உங்க டீக்கணக்கையெல்லாம் வீட்டுல வெச்சுக்கங்கம்மா. மீறித் தொட்டா, அப்புறம் உங்களுக்கு நிரந்தரமா கிடங்குதான்."

வெயில் எட்டிப் பார்க்காத அந்தக் கிடங்கில் மூட்டைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டா காலம் தள்ளுவது? "சரி சார், நீங்க சொல்றபடியே" என்றாள். சொன்ன விதமே சரியில்லை.

மறுநாள் மேனேஜர் தன் மாமியாரை அழைத்துவர மலைக்கு அந்தப் பக்கம் போய், மதிய விமானத்தில் திரும்பினார். ஃபோன் வந்தது. மூன்றாவது தம்ளர் கவிழ்ந்தது. விமானம் வந்து நின்று கதவும் திறந்தது. ஏணிதான் வரவில்லை. மேலே வாசலில் மேனேஜர். கீழே, ஏணிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு அவள்.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கறீங்க? தள்ளுங்க!"

"நாப்பத்தொண்ணுதான் ஆகுது சார். இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு."

"நான்தான் சொல்றேன்ல!"

"நீங்க சொன்னதைத்தான் சார் கேக்கறேன்."

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, இறங்க விடமாட்டேங்கறாங்க? டிக்கெட் எடுக்கலையா?"

உள்ளே இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பைலட் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார். "சார், அட்டவணையில இருக்கறது அங்க கதவைச் சாத்தினதுல இருந்து இங்க திறக்கற வரைக்கும். ஃபோன் வர்றது நாங்க மேல ஏறினப்புறம். அக்கா கணக்கு சரிதான்."

மேனேஜரின் காது சிவந்துவிட்டது. "சரிம்மா, தொடலாம். கிடங்குப் பேச்சே இனிமே கிடையாது."

"இத்தனை பேரும் கேட்டுக்கிட்டாங்க சார்" என்றபடி ஏணியைத் தள்ளினாள். ஏறிப்போய் மாமியாரைக் கைப்பிடித்து இறக்கினாள்.

"பத்து வருஷமா என்னால இவரை மடக்க முடியலையேம்மா. நீ எப்படி மடக்கினே?"

"வாங்கம்மா, டீ குடிச்சுக்கிட்டே சொல்றேன்."

இப்போதெல்லாம் ஃபோன் வந்தால் மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். "இன்னிக்கு மூணா, நாலா?"

"அதுக்குள்ள என்ன அவசரம்? காத்தைப் பாத்துட்டுச் சொல்றேன், இருங்க" என்கிறாள் ஏணியக்கா.