பனிமூட்டத்தில் ஒலித்த கனடா தட்டு

ரயில் சற்றுத் தாமதமானாலும் மகளுக்கு விடாமல் போன் செய்கிறவள் நான். "அம்மா, ரயில்லதான் இருக்கேன், கடல்ல இல்ல" என்பாள்.

போன வாரம் மீஞ்சூர் வீட்டுக்கு அவள் பெயரில் ஒரு பார்சல் வந்தது. எழுபதுகளில் கனடாவில் யாரோ சில பையன்கள் போட்டு, அங்கேயே விலைபோகாத ராக் இசைத்தட்டாம். இப்போது தேடியெடுத்து மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையில் ஊதாப் பூ, அதன் நடுவே ஒரு கண். அவள் முள்ளை வைத்தாள். கிதார் ஓலமிட ஆரம்பித்ததும் எழுந்துபோய் நிறுத்திவிட்டேன். அவளிடம் தலைவலி என்றேன். உங்களிடம் பொய் எதற்கு? பயம்.

அதே தட்டுதானா, தெரியாது. ஓலம் அதேதான்.

உறையைப் பிரித்தபோது வந்த வாசனையில் காதர் பாயின் பெட்டி நினைவுக்கு வந்தது. பழவேற்காட்டில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டுக் காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான். பெட்டியைத் திறந்தால் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அட்டைகளை முகர்வோம். துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் மாலுமி ஒருவன் அவர் தலையில் கட்டிய கனடாத் தட்டுகளும் அதில் இருந்தன. கல்யாண வீட்டில் விளையாட்டாகப் போடுவார். "நிறுத்து பாய், மாப்ள ஓடிடப் போறான்" என்பார்கள் பெண்கள்.

தை மாதப் பனியில் கரை மறைந்துவிடும். அப்போது பனைமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கடல் பார்த்துக் கட்டி அம்மன் பாட்டைப் போடுவார்கள். ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு பாட்டு. கட்டுமரத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்டே தங்கள் கரையைப் பிடிப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. நைனா, என் அப்பா, கடலில். பக்கத்து வீட்டு ஏழுமலையும் தன் கட்டுமரத்தில் போயிருந்தான், புது மாப்பிள்ளை. அம்மன் தட்டு பெட்டிக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தது. பாய் சினிமாப் பாட்டு போட்டார். அலைச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

"இன்னா பாய், கொசு பாட்ற மாதிரி கீது. சத்தமா எதுனா இல்லியா?" என்றார் ஊர்த்தலைவர்.

"கனடாக்காரன் கீறான். ஆனா அது பாட்டு மாதிரியே இருக்காது தலைவரே."

"சத்தம் வந்தா கரைன்னு தெரியாதா? போடு."

பனி முழுக்க அந்த ஓலம் பரவியது. தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார் பாய். யாரும் வரவில்லை. கடைசியில் கரையோரமாகவே வந்துவிட்ட ஒரு மரத்திலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே இறங்கினார். "யார்ரா அது கப்பல் சங்கு ஊதறது? கப்பல் மோதிடும்னு எல்லாம் வெளிய தள்ளிக்கினு போறானுங்க."

பாய் முள்ளைத் தூக்கினார். அம்மா மைக்கைப் பிடுங்கினாள். மைக்கில் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தது திட்டத்தான். "யோவ், எங்கய்யா போற? கஞ்சி ஆறிப்போச்சி, இந்தாண்ட வாய்யா." மற்ற பெண்களும் வாங்கி வாங்கி அவரவர் வீட்டுக்காரரைத் திட்டினார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஏழுமலையின் மனைவி செல்வி அக்காவிடம் மைக் வந்தது. மாமியார் எதிரில் உரக்கப் பேசியே அறியாதவள். "பேசுடி" என்று மாமியாரே உலுக்கினாள். உதடு அசைந்தது. குழாயில் அவள் மூச்சு மட்டும் வந்தது, பெரிதாக, விட்டு விட்டு. அம்மா மைக்கை வாங்கி ஏழுமலையையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

நைனா உச்சிவேளைக்குக் கரையேறினார். "உங்கம்மா திட்டுனாளே, அப்பதான் கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏழுமல வயசுப் பையன். எங்களவிட வேகமா வெளிய துழாவிக்கினு போனான்."

அவனுடைய மரம் மட்டும் ஆந்திரா பக்கம் ஒதுங்கியது.

செல்வி அக்காவைத் தாய்வீட்டார் அழைத்துப் போனார்கள். காதர் பாய் எங்கள் குப்பத்துக்கு வருவதை நிறுத்தினார். இப்போது ஃபைபர் படகு, திசைகாட்டும் கருவி, பிளாஸ்டிக் உறையில் செல்போன். பனி விழுந்தால் யாரும் குழாய் கட்டுவதில்லை. பனைமரமும் ஏதோ ஒரு புயலில் போய்விட்டது. நல்லதுதான். அன்று கரையில் நின்ற பெரியவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. செல்வி அக்காவின் அந்த மூச்சு கடல்வரை எட்டியதா என்று நைனாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.