கீழிருந்து காட்டிய கண்ணாடி

எங்கள் மலையேற்றச் சங்கத்தின் மரபுகளை ஆண்டு மடலுக்காக எழுதித் தருமாறு இப்போதைய காரியதரிசி மூன்று முறை கேட்டுவிட்டார். இரண்டு முறை மூட்டுவலியைச் சொல்லித் தப்பினேன். மூன்றாம் முறை அவர் காகிதக் கட்டையும் மசிப்புட்டியையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பதினான்கு ஆண்டுகள் அதே பதவியில் இருந்தவன் என்ற முறையில் அவருடைய சங்கடம் எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். மடலுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே எழுதிவிடுவேன் போலிருக்கிறது. வேண்டாததை அவர் வெட்டிக்கொள்ளட்டும்.

சங்கம் என் தந்தையார் காலத்தது. மிஷன் பள்ளியில் இருந்த ஒரு துரையும், அசம்பு மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த மற்றொரு துரையும், நம்மவர் நால்வரும் சேர்ந்து தொடங்கியது. துரைமார் இருவரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் வகுத்த ஒழுங்குகளை அவர்களைவிடக் கண்டிப்பாக நாங்கள் காப்பாற்றினோம். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரே முன்னால் நடக்க வேண்டும். அட்டைக் கடிக்குப் புகையிலையும் உப்பும் முடிந்த துணியை ஒவ்வொருவரும் தாமே சுமக்க வேண்டும். தேயிலைக் கெண்டியைப் புது உறுப்பினர் தூக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் உச்சியில்தான் நடக்க வேண்டும்; சென்ற ஆண்டின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்து ஒப்புக்கொள்ளும்வரை கட்டுச்சோற்றை அவிழ்க்கக் கூடாது. ஒருமுறை அந்தக் கெண்டி எந்தப் பாறையிடுக்கில் விழுந்தது என்பது பற்றி நான்காயிரம் அடி உயரத்தில் குளிர்காற்றில் ஒரு மணி நேரம் விவாதித்திருக்கிறோம். புளிச்சோறு காய்ந்து போயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆண்டுதோறும் தை மாதத்தில், மழை ஓய்ந்து வானம் கழுவினாற்போல் இருக்கையில், நாங்கள் ஏறிய மலையைக் குறிப்பேட்டில் ‘மூன்றாம் உச்சி’ என்றே எழுதி வந்தோம். அங்கிருந்து பார்த்தால் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்களும் குளங்களும், வானம் தெளிந்த நாளில் தெற்கே கடலின் கோடும் தெரியும். வயல்களின் ஓரத்தில் இருந்த என் வீட்டின் ஓட்டுக்கூரையை இன்ன இடத்தில் என்று அறிந்தவர்கள் கண்டுகொள்ளலாம். சங்கத்தின் கண்ணாடிக் குறி மரபு அந்த வீட்டால் வந்தது.

நான் கல்லூரியில் பௌதிகம் போதித்தவன். காரியதரிசியான இரண்டாம் ஆண்டில், மலையிலிருப்போர் நலமாக இருக்கிறார்களா என்று தெரியாமல் நான்கு நாள் வீடுகளில் பெண்கள் தவிப்பதாக ஒரு குறை எழுந்தது. ஒரு முழ அகலக் கண்ணாடியும், குறி பார்க்க நட்ட இரண்டு குச்சிகளும் இருந்தால் பத்து மைலுக்கு அப்பாலும் ஒளியை அனுப்பலாம் என்று நான் செய்து காட்டினேன். விதிகளையும் நானே எழுதினேன். காலை ஒன்பது மணிக்கு மலையிலிருந்து மூன்று நீண்ட ஒளி என்றால் யாவரும் நலம். இரண்டு என்றால் திரும்ப ஒரு நாள் தாமதமாகும். விடாமல் மினுங்கினால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது, ஆள் அனுப்பவும். கீழிருந்து என் வீட்டார் மூன்று நீண்ட ஒளியால் பதில் தர வேண்டும். அதன் பொருள் ‘கண்டோம்’ என்பது மட்டுமே. கீழே உள்ளவர்களுக்கு மேலே சொல்ல வேறு ஏதேனும் இருக்கக்கூடும் என்று எங்கள் பதினொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆபத்து என்பது மலைமேல் இருப்பது என்றே எண்ணியிருந்தோம்.

பதில் காட்டும் பொறுப்பு என் மனைவியுடையது. பின்முற்றத்தில், மாட்டுத்தொழுவுக்கும் கிணற்றுக்கும் நடுவே, நான் நட்டுக்கொடுத்த குச்சிகளுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து காட்டுவாள். நடவடிக்கைக் குறிப்பின்படி பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அவள் தவறியதில்லை. ஒரு குற்றம் மட்டும் இருந்தது. மூன்று நீண்ட ஒளிக்குப் பிறகு, சிறிது நேரம் கழித்து, நான்காவதாக ஒன்று, கண் சிமிட்டினாற்போல் வந்து போகும்.

எங்கள் தலைவர் வக்கீல்; விதி என்றால் விதி என்பவர். அந்த நான்காவது ஒளி விதியில் இல்லை என்று பொதுக்கூட்டத்திலேயே ஆட்சேபித்தார். காரியதரிசி தம் வீட்டாரிடம் எடுத்துச்சொல்ல வேண்டும் என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று, பதிந்தவனும் நானே. வீடு திரும்பியதும் முறையாகச் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

“அது ஒங்க சங்கத்துக்கு உள்ளதில்ல.”

நான் அதை ஒரு பதிலாக அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிக்கவில்லை. நான்காவது ஒளியும் நிற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தலைவர் என்னைப் பார்ப்பார். நான் கண்ணாடியை உறையில் இடுவதில் கவனமாக இருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் இறுதியில் ஒரு தை மாதம், நாங்கள் புறப்படும் நாளில் அவளுக்குக் காய்ச்சல் இருந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. நான் நின்றுவிடுவதாகச் சொன்னேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதை இப்போது என்னால் நேர்மையாகக் கூற இயலவில்லை. அவள் சிரித்தாள். “செக்ரட்டரி இல்லாம அந்தப் பத்துப் பேரும் என்னத்தப் பேசுவாவ? சோத்துப் பொதிய அவுக்கக்கூடத் தெரியாது. நீங்க போயிட்டு வாங்க.” துணைக்குக் கொட்டாரம் ஊரிலிருந்து அவள் தங்கை வந்திருந்தாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. நான் போனேன்.

முதல் நாள் வண்டியில் தடிக்காரன்கோணம் சென்று, அங்கிருந்து நடந்து, பழைய காப்பித் தோட்டக் கொட்டகையில் தங்கினோம். இரண்டாம் நாள், மலைக்குடிகளான காணிக்காரரின் மூப்பன் வழிகாட்ட உச்சிக்குச் சற்றுக் கீழுள்ள பாறைக் குகையை அடைந்தோம். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்து குறி காட்டினேன். கீழிருந்து மூன்று வந்தன. இடைவெளி வழக்கத்தைவிட நீண்டது. பிறகு நான்காவதும் வந்தது. அன்று நான் நன்றாக உண்டேன் என்று நினைவு.

நான்காம் நாள் உச்சியில் நின்றோம். மேகம் இல்லை. ஒன்பது மணிக்குக் காட்டினேன். உடனே பதில் வந்தது: மூன்று நீண்ட ஒளி, சம அளவில், சம இடைவெளியில், விதியில் எழுதியிருந்தபடியே. நான் காத்திருந்தேன். கண்ணில் நீர் வடியும்வரை அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது வரவில்லை.

தலைவர் தூரதிருஷ்டிக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு என் தோளில் தட்டினார். “பன்னெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா காட்டியிருக்காவ, வாத்தியாரே. இத மினிட்ஸ்ல எழுதும்.”

அது என் மனைவியின் கை அல்ல என்றும், நான் உடனே இறங்க வேண்டும் என்றும் சொன்னேன். காரணம் என்ன என்றார். பதில் சரியாக இருக்கிறது என்பதே காரணம் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அது சிரிக்கக்கூடிய வாக்கியமே. தலைவர் சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில், “ஓய், மூணு வந்துட்டுல்லா? பின்ன என்னத்துக்குப் பதறுகீரு? அரைமணிக்கூறுல கூட்டத்த முடிச்சிட்டு எல்லாருமா எறங்குவோம்,” என்றார். தனியாக எவரும் இறங்கக் கூடாது, குறைந்தது இரண்டு உறுப்பினராவது சேர்ந்தே இறங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. காணி மூப்பன் எழுந்து நின்று, தான் கூட வருவதாகவும், குறுக்குத்தடத்தில் உச்சிப்பொழுதுக்குள் என்னைக் கொட்டகையில் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். அந்த மலையில் பிறந்தவர். ஆனால் உறுப்பினர் அல்லர். விதியில் ‘உறுப்பினர்’ என்றே எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லை எழுதியதும் நான்தான். என் சொற்களை எனக்கு எதிராகவே வாசித்துக்கொண்டு ஒரு பாறையின்மேல் உட்கார்ந்தேன்.

குறிப்பேட்டைத் திறந்து சென்ற ஆண்டின் நடவடிக்கைகளை உரக்க வாசித்தேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். கூட்டம் அரை மணியில் முடியவில்லை. வனத்துறை அனுமதிச் சீட்டைப் பற்றி ஒரு தீர்மானமும், அதற்கு ஒரு திருத்தமும் வந்தன. பொதி அவிழ்த்தபோது சூரியன் தலைக்குமேல் இருந்தது. இறங்கிக் கொட்டகையை அடைகையில் பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே என் வீட்டிலிருந்து வந்த ஆள் குந்தியிருந்தான். முந்தின நாள் மாலை காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறத் தொடங்கியதும் அவனை அனுப்பியிருக்கிறார்கள். அவன் அன்று காலையே கொட்டகைக்கு வந்துவிட்டான். வழி தெரியாததால் மேலே ஏற அஞ்சி, நாங்கள் இறங்கும் தடத்தைப் பார்த்தபடி பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். நடுப்பகலில் நான் வந்திருந்தால் அந்திக்கு முன் வீடு சேர்ந்திருப்பேன்.

விடியும்போது வீடு சேர்ந்தேன். முற்றத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்திருந்தது. பிற்பகல்வரை நினைவு வந்து வந்து போயிற்றென்றும், நினைவு வந்தபோதெல்லாம் நேரம் என்ன என்று கேட்டாளென்றும் சொன்னார்கள். அன்று காலை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஊருக்குப் புறப்பட்ட அவள் தங்கையிடம் ஒன்று மட்டும் கேட்டேன். ஏன் கண்ணாடி காட்டினாய் என்றல்ல. ஏன் மூன்று மட்டும் காட்டினாய் என்று. அவள் அழுது ஓய்ந்த முகத்தோடு சொன்னாள்:

“அக்காதான் காட்டச் சொன்னா, அத்தான். காட்டலன்னா அவிய மலையில நின்னு பதறுவாவ, கால் தவறிரும்னா. முந்தின நாளு நானும் பக்கத்து வீட்டுக்காரியுமா தாங்கிப் பிடிச்சு அவளே காட்டினா. அன்னைக்கு எழும்ப முடியல்ல. மூணு காட்டு, நீளமா காட்டுன்னா. அவ்வளவுதான் சொன்னா.”

நான்காவதைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. என் மனைவி அதை மறந்தாளா, தன் கையால் அல்லாமல் அதைக் காட்ட வேண்டாம் என்று விட்டாளா, அல்லது அது இல்லாததைக் கண்டு நான் இறங்கி வருவேன் என்று நம்பினாளா? நேரம் கேட்டாள் என்பது மூன்றாவது ஊகத்துக்குச் சாதகமான சான்று. இத்தனை ஆண்டுகளில் நான் மற்ற இரண்டுக்கும் சான்று தேடியிருக்கிறேன். போதுமான அளவு கிடைக்கவில்லை.

சங்கத்தார் என்னை மரியாதையாகவே நடத்தினார்கள். சில மாதங்கள் கழித்துத் தலைவர் வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் வயல்களைப் பற்றிப் பேசினார். பிறகு, கண்ணாடிக் குறிகளை இனி நிறுத்திவிடலாம் என்று கருதுவதாகச் சொன்னார்; எனக்கு நோவாக இருக்கும் என்பதற்காக. நிறுத்த வேண்டாம், ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றேன். கீழிருந்து விடாமல் மினுங்கினால், இன்ன உறுப்பினரின் வீட்டார் அவரை அழைக்கிறார்கள் என்று பொருள். எவர் என்பதை அதைத் தொடரும் நீண்ட ஒளிகளின் எண்ணிக்கையால் அறியலாம். அவர் அக்கணமே இறங்க வேண்டும். வழிகாட்டும் காணிக்காரர் துணையாகப் போதும். நான் எழுதிவைத்திருந்த காகிதத்தைத் தலைவர் வாங்கிப் படித்தார். எல்லாவற்றையும் ஆட்சேபிக்கும் அந்த மனிதர் ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்திட்டார். பதிலும் மற்ற வீட்டாரின் அழைப்பும் காட்டும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஏற்றுக்கொண்டார்.

அந்தக் குறி முதன்முதலாகப் பயன்பட்டது முப்பதுகளின் தொடக்கத்தில். மினுங்கல் எங்களுள் ஒருவரான ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு உரியது. முகம் வெளிறி, பொதியை எறிந்துவிட்டு, மூப்பனின் பின்னால் ஓடினார். அடுத்த மாதச் செயற்குழுவில் அவர் கொதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். “ஓடியோடி வந்து பாத்தா, மார்த்தாண்டத்துலருந்து மாமியா வந்து படியில இருந்து வெத்தில போடுகா. மருமவன் மொகத்தப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவாளாம். அதுக்கா வே கண்ணாடி?” உயிராபத்துக்கு மட்டுமே அழைக்கலாம், மற்றதற்கு அழைத்த வீட்டார்க்கு ஓராண்டு அந்த உரிமை இல்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் மனைவியைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் உறுப்பினர்கள் வேடிக்கை பேசினார்கள். நியாயமான தீர்மானம் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள்.

நான் எழுந்து, மாற்றுத் தீர்மானம் ஒன்றை வாசித்தேன். அழைப்பின் காரணத்தை இறங்குவதற்கு முன்போ பின்போ எவரும் விசாரிக்கலாகாது என்பதே அது. கம்பவுண்டர் நல்லவர், அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அப்பம், சும்மா கூப்பிட்டாலுமா, சாரே?” என்றார்.

“சும்மா கூப்பிட்டாலும்,” என்றேன்.

தம் தீர்மானத்தை அவர் மீட்டுக்கொண்டார்.