எபிசுவுக்குக் காது மந்தம்

மிட்சுயோ மலைப்பக்கத்துப் பெண். வாழ்க்கைப்பட்டு இந்தத் துறைமுகத்துக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் ஊருக்கு அவள் "மலைக்காரி"தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் கணவன் தோகுஜி ஒருவன். போன இலையுதிர் காலத்தில் சூரை மீன் பிடிக்கப் போன அவன் படகு ஆளில்லாமல் திரும்பி வந்தது. காரியம் செய்துவிடலாம் என்று கொழுந்தன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனான். அவள் அசையவில்லை. மீன் கொட்டகைக்கு வேலைக்குப் போகுமுன் தினமும் மேட்டிலிருக்கும் மீனவர் சாமி எபிசுவின் கோவிலுக்கு ஏறுவாள். அங்கத்து வழக்கப்படி இரண்டு தடவை கைதட்டி, கண்ணை மூடி, மனசுக்குள் ஒரே வாக்கியம்: அவரை உயிரோடு அனுப்பு.

அன்றைக்குக் காற்று பலமாக இருந்ததால் படகுகள் போகவில்லை. கொட்டகையிலும் வேலையில்லை. கூட வேலை செய்யும் குமே அக்கா துணைக்கு ஏறி வந்தாள். மிட்சுயோ கும்பிட்டுக் கண் திறந்ததும் கேட்டாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"மனசுல சொன்னேன் அக்கா."

"நல்லா சொன்ன போ! எபிசுவுக்குக் காது மந்தம்டி. கோவிலுக்குப் பின்பக்கம் போயி சுவத்துப் பலகையத் தட்டி, வாய்விட்டுக் கத்தணும். இத்தன நாளா செவிட்டுச் சாமிகிட்டயா குசுகுசுத்த?"

மிட்சுயோவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

"யாரு அக்கா இந்தச் சாமி? தினம் கும்புடறேன், கதை தெரியாது."

"பாவப்பட்ட சாமி. கால் வெளங்காம பொறந்துச்சுன்னு பெத்தவங்களே நாணல் படகுல வெச்சுக் கடல்ல விட்டுட்டாங்க. எங்கியோ கரை ஒதுங்குச்சு. கண்டவங்க தூக்கி வெச்சுக் கும்பிட்டாங்க. அதான் நம்ம ஆளுங்க கடல்ல மெதந்து வர்ற பொணத்தக்கூட எபிசுன்னு..." குமே அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அக்கா."

"எபிசுன்னுதான் சொல்லுவாங்க. பாத்துட்டா விட்டுட்டு வரமாட்டாங்க. யாரு பெத்த புள்ளையோ, சாமி மாதிரி படகுல ஏத்திக் கொண்டாந்துருவாங்க."

மிட்சுயோ தனியாகப் பின்பக்கம் போனாள். பலர் தட்டித் தட்டிப் பலகை ஓரிடத்தில் குழிந்து வழவழவென்றிருந்தது. தட்டினாள். பழைய வாக்கியம் நாக்குவரை வந்தது. வாய்விட்டுச் சொல்லப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதை அவளே எப்போதோ நம்பாமல் போயிருந்தாள். காற்றுக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"யாராச்சும் அவரப் பாத்தா... விட்டுட்டு வந்துரக் கூடாது!"

குமே அக்கா முன்பக்கத்திலேயே நின்றிருந்தாள். இருவரும் படியிறங்கினார்கள். பாதி வழியில் மிட்சுயோ வாயைத் திறந்தாள்.

"கொழுந்தன் காரியத்துக்கு நாள் பாக்கட்டும் அக்கா. அவரோட எந்தப் படத்த வெக்கிறதுன்னு மட்டும் நான்தான் சொல்லுவேன்."