மண் ஒருவருக்கு, வீடு இன்னொருவருக்கு

மாணிக்கவாசகத்துக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. தோசையைக் கையில் மடித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பார். "ஒரு எடத்துல நின்னா காலுல வேர் விட்டுருமா?" என்று மனைவி பொன்னம்மா கேட்பாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும். வீட்டுத் தரகருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது.

அந்த 1957இல் மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலும் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மெர்டேக்கா, அதாவது விடுதலை, எந்த நாள் என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்ததிலிருந்து மலாக்காவில் பாதிப் பேர் விற்க நின்றார்கள், பாதிப் பேர் வாங்க நின்றார்கள். வெள்ளைக்காரன் போனால் என்ன ஆகுமோ என்று பயந்தவன் விற்றான். வெள்ளைக்காரன் போனால் நமக்கும் ஒரு காலம் வரும் என்று நம்பியவன் வாங்கினான். பயத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் சைக்கிள் மிதித்துப் பிழைத்தார் மாணிக்கவாசகம்.

காஜா பெராங்கில் வீடு வாங்குவது நேரான காரியம் இல்லை. மண் ஒருவருடையதாக இருக்கும், அதன் மேல் நிற்கும் பலகை வீடு இன்னொருவருடையதாக இருக்கும். வீட்டுக்காரர் மண்ணுக்காரருக்கு மாதாமாதம் மண் வாடகை கட்டுவார். வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்பது சட்டம். ஆனால் வாங்குகிறவரைத் தன் மண்ணில் குடியிருக்க விடுவதா வேண்டாமா என்பது மண்ணுக்காரரின் தலையாட்டலில் இருந்தது. அந்தத் தலையை ஆட்டவைப்பதுதான் தரகரின் திறமை.

தமிழ் மண்ணுக்காரர்கள் யாரும் சாதி கேட்பதில்லை. கப்பலேறி வந்த நாட்டில் அது நாகரிகமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால், "இந்தியாவுல எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். மூன்றாவது கேள்விக்குள் ஆளின் கொள்ளுப்பாட்டன் வரைக்கும் எடை போட்டுவிடுவார்கள். கடலைத் தாண்டும்போது பெட்டி தொலைந்தவர்கள் உண்டு, பிள்ளை செத்தவர்கள் உண்டு. இந்த ஒரு மூட்டையை மட்டும் ஒருவரும் தொலைக்கவில்லை. பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மாணிக்கவாசகத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. ஆனால் பதில் தெரியாமல் அவர் எந்த வாசலையும் மிதித்ததில்லை. அதுதான் தொழில்.

அப்படி ஒரு நாள், வீடு தேடி வந்த பாக்கியலட்சுமியிடமும் கேட்டார். அவள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஆயா. அப்பா நகராட்சியில் வாளி வேலை பார்த்தவர். விடியலில் பின்சந்து வழியாக வீடு வீடாகப் போய்க் கழிப்பறை வாளிகளைத் தூக்கிச் சுமந்தே ஆயுள் முடிந்தது. ஆள் போனதும், வேலைக்காகக் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா, இரண்டு தங்கைகள், அவள். மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும்.

"இந்தியாவுல எந்தப் பக்கம்மா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? நான் அங்க போனதே இல்ல. மலாக்காதான் எனக்கு ஊரு."

"அப்பா ஊரு?"

"அவரும் சொன்னதில்ல. சொல்லிக்கிற மாதிரி அங்க ஒண்ணும் நடக்கல போல." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "வீடு எனக்குத்தான் வேணும், எங்க ஊருக்கு இல்ல."

மாணிக்கவாசகம் சிரித்துவிட்டார். மறுபடி கேட்கவில்லை.

அவர் மனத்தில் ஒரு வீடு இருந்தது. ரயில்வேயில் கிராணியாக, குமாஸ்தாவாக இருந்த பொன்னுதுரை ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்புகிறார். சின்னப் பலகை வீடு, தகரக் கூரை. முன்பக்கத்தில் மட்டும் ஆடம்பரம்: செங்கல்லில் கட்டி, பூப்போட்ட வண்ண ஓடு பதித்த, இருபுறமும் வளைந்து இறங்கும் மலாக்காப் படிக்கட்டு. வீட்டைவிடப் படிக்கட்டுக்குத்தான் பொன்னுதுரை அதிகம் செலவழித்தார் என்று தெரு சொல்லும். பாக்கியலட்சுமி அதைப் பார்த்ததும் ஒரு படியில் உட்கார்ந்து ஓட்டைத் தடவிப் பார்த்தாள். "இத வச்சே ரெண்டு தங்கச்சிக்கும் மாப்பிள்ள வந்துருவான்" என்றாள்.

மண்ணுக்காரர் சேதுராமன். ஜவுளிக்கடை முதலாளி, தெருவின் மெர்டேக்கா விழாக் கமிட்டித் தலைவர். கடை முழுக்க கொடித் துணியாகக் குவிந்திருந்தது.

"யாரு வாங்குறது?"

"ஆஸ்பத்திரியில வேலை, மொதலாளி. அமைதியான பொண்ணு."

"எந்தப் பக்கம்?"

"மலாக்காதான்."

சேதுராமனின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம செட்டிப் பொண்ணா! ரெண்டு நாளு முன்னாடி அந்த வாசல்ல சாரோங் கட்டி நின்னு மலாய் பேசிக்கிட்டிருந்துச்சே, அதுவா? சரி, சரி. பழைய குடும்பம். வரட்டும்."

காஜா பெராங்கில் இப்படித்தான் நினைக்க முடியும். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றி, மலாய் பேசி, மாரியம்மனைக் கும்பிடும் மலாக்கா செட்டிகள் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். இந்துப் பெண் ஒருத்தி மலாக்காவே தன் ஊர் என்றால் அவள் செட்டியாகத்தான் இருக்க வேண்டும். வாளி சுமந்தவர் மகளுக்கும் மலாக்கா சொந்த ஊராக இருக்கலாம் என்பது முதலாளியின் கணக்கிலேயே வரவில்லை.

மாணிக்கவாசகம் வாய் திறக்கப் போனார். பிறகு மூடிக்கொண்டார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்து மிதித்தபோது மட்டும் கால் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது.

பாக்கியலட்சுமி சேர்த்ததையெல்லாம் கொடுத்து வீட்டை வாங்கினாள். பொன்னுதுரை சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

கப்பல் பினாங்கைத் தாண்டியிருக்குமோ என்னவோ, சேதுராமன் ஆள் அனுப்பினார். மாணிக்கவாசகம் போனபோது பாக்கியலட்சுமியும் அங்கே நின்றிருந்தாள், கடைக்கு வெளியே, வெயிலில். அவளை உள்ளே விடவில்லை.

"தரகரே, என்ன ஏமாத்திட்டீரு."

"என்ன மொதலாளி ஏமாத்துனேன்?"

"மலாக்கான்னு சொன்னீரே!"

"மலாக்காதானே? இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. பொறப்புப் பத்திரம் இருக்கு."

"செட்டின்னு நெனச்சேன்யா! இப்பத்தான் கடைப்பையன் சொல்றான், வாளி தூக்குனவன் மகள்னு. நாலு பெரிய மனுஷன் குடியிருக்கிற தெரு இது. என் மண்ணுல கால் வைக்கக் கூடாது."

"காசு குடுத்து வாங்கிட்டா, மொதலாளி. பொன்னுதுரை போயிட்டாரு. திருப்பி வாங்க ஆளில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ண? பலகை அவளது, மண்ணு என்னது." சேதுராமன் வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். கடையில் துணி வாங்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பன் வாளியத் தூக்குனானில்ல? அதே மாதிரி வீட்டையும் தூக்கிட்டுப் போகச் சொல்லு!"

யாரோ சிரித்தார்கள்.

சேதுராமன் வீட்டு வாளியையும் அவள் அப்பாதான் தூக்கினார். ஒரு நாள் அவர் வராவிட்டால் அந்தப் பெரிய மனிதர்களின் தெரு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். பின்சந்து வழியாக அப்பன் வருவது ஆசாரத்துக்குக் கேடில்லை, முன்படி வழியாக மகள் ஏறினால் கேடு. இந்தத் தர்மத்தின் தலைவர்தான் இன்னும் சில வாரங்களில் மேடையேறி விடுதலையைப் பற்றிப் பேசப் போகிறார்.

மாணிக்கவாசகம் வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்க முயன்றார், சாவி துவாரத்தில் நுழையவில்லை. பாக்கியலட்சுமி அவர் கையிலிருந்து சாவியை வாங்கித் திறந்தாள்.

"அண்ணே, தூக்க முடியுமா?"

"எத?"

"வீட்ட."

"வெளையாடுறியா?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால கம்போங்ல மலாய்க்காரவங்க ஊரே சேந்து ஒரு வீட்டத் தூக்கி வேற எடத்துல வச்சாங்கண்ணே, நான் கண்ணால பாத்தேன். வீடு நடந்து போற மாதிரி இருந்துச்சு. அவரே சொல்லிட்டாரில்ல, அத்தன பேரு முன்னால? நாளைக்கு இல்லன்னு சொல்ல முடியாது."

அவள் சிரிக்கவில்லை. விளையாட்டில்லை என்று மாணிக்கவாசகத்துக்கும் புரிந்தது. இத்தனை வருடம் எத்தனையோ வீடுகளைக் கைமாற்றியிருக்கிறார். ஒரு வீட்டை இடம் மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மலாய்த் தச்சர் பாக் சமாட்டை அன்று சாயங்காலமே அழைத்துவந்தார். கிழவர் வீட்டுக்கடியில் குனிந்து புகுந்து தூண் தூணாகத் தட்டிப் பார்த்தார். தூண்கள் மண்ணுக்குள் இறங்கவில்லை, ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல்தான் நின்றது. வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, "போலே" என்றார். முடியும்.

இனித் தூக்கிப்போய் வைக்க இடம் வேண்டும். மாணிக்கவாசகம் தூங்காமல் அலைந்தார். சிலர் மண்ணில்லை என்றார்கள். சிலர், "எந்தப் பக்கம்?" என்றார்கள். அந்தக் கேள்வி வந்ததும் பதில் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினார். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. "வாங்குனது அவங்க, காஞ்சு போறது நீங்க" என்றாள் பொன்னம்மா. பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "யூசுப் நானாகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

யூசுப் நானா தமிழ் முஸ்லிம், மளிகைக் கடைக்காரர். தெருக்கோடியில், இடுகாட்டை ஒட்டி அவருக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. பேய்க்குப் பயந்து ஒருவரும் அதை வாடகைக்கு எடுக்கவில்லை.

"எடுத்துக்கிறட்டும் தரகரே, எனக்கு வாடகை வந்தாப் போதும்" என்றார் யூசுப். "ஆனா வீட்டுல எல்லாரும் பொம்பளைங்க. பொணத்துக்குப் பக்கத்துல எப்படி?"

பக்கத்தில் நின்ற பாக்கியலட்சுமி சொன்னாள்: "பொணத்தக் குளிப்பாட்டி அனுப்புறதே என் வேலதான் நானா. அதுல ஒண்ணுகூட இதுவரைக்கும் எந்தப் பக்கம்னு கேட்டதில்ல."

யூசுப் வாய்விட்டுச் சிரித்தார். "தூக்குற அன்னிக்குச் சோறு என் செலவு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைச் சுற்றி ஆள் கூடியது. ஆஸ்பத்திரி ஊழியர்கள், அப்பாவோடு நகராட்சியில் வேலை பார்த்தவர்கள், பாக் சமாட் அழைத்த கம்போங் ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்து சட்டையைக் கழற்றிய செட்டி இளைஞர்கள். கூரைத் தகரத்தைக் கழற்றி, தரைப்பலகைகளைப் பெயர்த்து, தூண்களுக்குக் குறுக்கே மூங்கில்களைப் பிரம்பால் இறுக்கிக் கட்டினார்கள்.

படிக்கட்டு மட்டும் பாக்கி. ஒருவன் ஓட்டைப் பெயர்க்க உளியை வைத்ததும் சேதுராமன் ஓடிவந்தார்.

"ஏய், தொடாத! பலகையத் தூக்கிட்டுப் போன்னுதான் சொன்னேன். படி செங்கல்லு, என் மண்ணோட சேந்தது."

மாணிக்கவாசகத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "கட்டுனது பொன்னுதுரை, வாங்குனது இவ. உங்க..."

"விடுங்கண்ணே" என்றாள் பாக்கியலட்சுமி. ஓட்டை ஒரு தடவை பார்த்தாள். "வச்சுக்கிறட்டும். அவரு ஏறி எறங்கட்டும்."

மலாயில் ஒருவன் அதைத் திருப்பிச் சொன்னான். மூங்கிலுக்கு மூங்கில் சிரிப்பு ஓடியது. சேதுராமன் படிக்கட்டுக்கு முன்னால் காவல்காரரைப் போல நின்றார்.

"சத்து, டுவா, தீகா!" என்று மலாயில் மூன்று வரை எண்ணிக் கத்தினார் பாக் சமாட்.

வீடு முனகியது. ஒரு மூலை எழும்பியது, மறு மூலை எழும்பவில்லை. மாணிக்கவாசகம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அந்த மூங்கிலுக்கடியில் தோளைக் கொடுத்தார். மறுபடி குரல் வந்தது. கல்லைவிட்டு வீடு மேலே வந்தது.

பின்சந்தில் அது நுழையாது. பெரிய மனிதர்களின் தெரு வழியாக, நடுவீதியில், முன்வாசல்களைப் பார்த்தபடியே போனது. ஜன்னல்கள் திறந்தன, சில ஜன்னல்கள் மூடின. யாரோ ஒரு குழந்தை கைதட்டியது. பாக்கியலட்சுமியின் அம்மா முன்னால் நடந்தார். அந்தத் தெருவின் முன்பக்கத்தில் அவர் நடந்தது அதுதான் முதல் தடவை, ஆனாலும் இருபுறமும் பார்க்கவில்லை. இடுகாட்டோரத்தில் வைத்திருந்த கற்களின் மேல் வீடு இறங்கியபோது மாணிக்கவாசகத்தின் தோளில் தோல் உரிந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் தரைப்பலகையையும் தகரத்தையும் திரும்பப் பொருத்தினார்கள். இப்போது வீடு இருக்கிறது, ஏறப் படி இல்லை. மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றை வாசலுக்குக் கீழே கவிழ்த்துப் போட்டார்கள். பாக்கியலட்சுமி அதில் காலூன்றி ஏறி, திரும்பிக் கை நீட்டினாள்.

"ஏறி வாங்கண்ணே. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

உட்கார்ந்துதான் குடித்தார்.

அதற்குப் பிறகு காஜா பெராங்கின் தமிழ் மண்ணுக்காரர்கள் அவரைக் கூப்பிடவில்லை. ஊருக்கு வெளியே புக்கிட் பாரு, செங் என்ற இடங்களுக்குச் சைக்கிள் மிதித்தார். வருமானம் பாதியாகிவிட்டது. அங்கேயும் அதே கேள்வி வந்தது. "எனக்குத் தெரியாது, நீங்களே கேட்டுக்குங்க" என்பார். நேராகக் கேட்கச் சொன்னால் பாதிப் பேருக்கு நாக்கு எழாது. மீதிப் பேர் கதவைச் சாத்துவார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று அவர் பற்களைக் கடிப்பார், அடுத்த கதவுக்குப் போவார்.

மெர்டேக்கா வந்தது, கொடி ஏறியது, சேதுராமன் மேடையில் பேசினார். மழைக்காலமும் வந்தது. வீடு போன இடத்தில் புல் முளைத்தது. நடுவில் அந்தப் படிக்கட்டு மட்டும், இருபுறமும் வளைந்து ஏறி, மேலே ஒன்றுமில்லாமல் நின்றது. ஆடுகள் ஏறிப் படுத்தன. பள்ளிப் பிள்ளைகள் அதில் ஏறி நின்று முதலாளியைப் போல மேடைப்பேச்சு பேசிக் காட்டினார்கள். வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள், "இங்கதானே வீட்டத் தூக்கிட்டுப் போனாங்க?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒரு சாயங்காலம் சேதுராமன் தெருவில் நின்று சைக்கிளை மறித்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"தரகரே, பழசெல்லாம் விடும். அந்த மண்ணு சும்மா கெடக்குது. ஒரு ஆளு பாத்துக் கொண்டாரும்."

மாணிக்கவாசகம் ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"யாரா இருந்தாலும் சரியா, மொதலாளி?"

சேதுராமன் தொண்டையைச் செருமினார். படிக்கட்டைப் பார்த்தார், அதில் அசைபோட்டுக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்தார்.

"யாரா இருந்தாலும்தான். கொஞ்சம்... நல்ல பக்கத்து ஆளா பாரும்."

மாணிக்கவாசகம் ஊன்றிய காலை எடுத்தார். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.