மைக் செட்காரரின் காது

அடி அண்ணாமலையில் சக்கரபாணி மைக் செட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விட்டதும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பௌர்ணமிக் கிரிவலம் என்று எதுவானாலும் ஸ்பீக்கர் பாக்ஸை அடுக்கி, ஊர்க் காதைக் கிழித்துவிட்டுத்தான் ஓய்வார். அப்படிப்பட்டவரின் காதுக்குள்ளேயே யாரோ ஒருநாள் 'கொய்ங்' என்று செட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அணைக்கிற சுவிட்சைத்தான் காணவில்லை.

தூக்கம் போயிற்று. மனைவி வினோதினி பேசினால் எரிந்து விழுந்தார்; பேசாவிட்டால் காதுச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது, அதற்கும் அவள்மேலேயே பாய்ந்தார். ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒருவர், இந்த நாதத்தைக் கேட்கத்தான் பலர் வருஷக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாழ்த்தினார். வேண்டுமானால் இப்போதே கழற்றித் தருகிறேன், வாடகைகூட வேண்டாம் என்றார் சக்கரபாணி.

காது டாக்டர், இதை அடியோடு நிறுத்த மாத்திரை கிடையாது என்றார். தினமும் நடந்தால் மனசும் தூக்கமும் சீராகி, தொந்தரவு குறையலாம். பெரிய சத்தத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றார். கடைசியில் சொன்னதை சக்கரபாணி வசதியாக மறந்துவிட்டார். நடப்பதைவிடப் பளு தூக்கினால் சீக்கிரம் சரியாகும் என்று அவராகவே முடிவுகட்டி, ஜிம்முக்குப் போய் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். காதுச் சத்தம் எகிறியது. மறுநாளே ஜிம்முக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பிறகுதான் காலையில் மலையைப் பார்த்தபடி கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். சத்தம் போய்விடவில்லை, ஆனால் நடக்கும்போது அதை மறந்துபோனார். படுத்தால் தூக்கம் வந்தது. வினோதினியிடம் சிரித்துக்கூடப் பேசினார். அவ்வளவுதான், ஊரில் யாருக்குப் பல்வலி என்றாலும் நடக்கச் சொல்லி வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பௌர்ணமி வந்தது. புண்ணியமும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு என்று சாயங்காலமே கூட்டத்தோடு இறங்கினார். கடைக்குக் கடை பாக்ஸ். எல்லாம் அவர் வாடகைக்கு விட்டவை. 'வாங்க சாமி, வாங்க' என்று அலறியதும் அவர் பதிவுசெய்து கொடுத்த குரலேதான். தன் குரலுக்குத் தானே காதைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

பழைய கொய்ங் முழு வேகத்தில் திரும்பிவிட்டது. மறுபடியும் தூக்கமில்லாத அந்த நரகமா என்று நினைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நேரே ரேணுகாம்பாளின் ஜூஸ் கடைக்குப் போய், பாக்ஸைக் குறைக்கச் சொன்னார்.

"நீங்கதான அண்ணா சொன்னீங்க, சத்தம் கம்மியானா யாவாரம் படுத்துரும்னு?"

காதுக் கதையைச் சொன்னார். அந்த இரைச்சலில் அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் பழம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கும்தான் காதுக்குள்ள கேக்குது, ரெண்டு வருஷமா. நீங்க காத்தால நடக்கப் போயிடுறீங்க. நான் கடைய வுட்டுட்டு எங்கண்ணா நடக்கறது?"

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. தன் காதுக்காக ஊரெல்லாம் அழுது தீர்த்தவர், இவள் காதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. பாக்ஸின் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கினார்.

இனி யார் வரப்போகிறார்கள் என்று ரேணுகாம்பாள் பாதையைப் பார்த்தாள். நடந்து களைத்த ஒரு அம்மா நின்று, ஜூஸ் இருக்கா என்று சாதாரணக் குரலில் கேட்டாள். இருவருக்கும் அது நன்றாகக் கேட்டது.

அடுத்த கடையில் சக்கரபாணியின் குரல் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.